எழுதியவரும் காத்தவரும்

(விருத்தாசலத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



பழைய நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். சூளை வேலை செய்யும் இந்த ஊர்க்காரர்கள் மண்ணையும் நெருப்பையும் அறிந்தவர்கள். ஆகவே மண்ணில் எழுதிய ஒரு கடிதத்திலிருந்து தொடங்குகிறேன்.

துருக்கியின் நடுப்பகுதியில், கைசேரி நகருக்குப் பக்கத்தில் குல்டெப்பே என்றொரு மேடு இருக்கிறது. ஏறத்தாழ 3,900 ஆண்டுகளுக்கு முன் அது கனேஷ் என்ற வணிக நகரம். இன்றைய இராக்கில் டைகிரிஸ் ஆற்றங்கரையில் இருந்த அசூர் நகரத்து வணிகர்கள், கழுதைகளின் மேல் துணியும் வெள்ளீயமும் ஏற்றிக்கொண்டு, ஆயிரம் கிலோமீட்டர் நடந்து அங்கே வந்து கடை போட்டார்கள். ஆண்கள் கனேஷில் இருந்தார்கள். மனைவிமார் அசூரில் தறி ஓட்டித் துணி நெய்து அனுப்பினார்கள். இடையில் கடிதம் போய் வந்தது. ஈரக் களிமண்ணை உள்ளங்கை அளவு பலகையாகத் தட்டி, நாணல் குச்சியால் எழுத்தை அழுத்தி, வெயிலில் காயவைத்து, அதன்மேல் மெல்லிய களிமண்ணாலேயே ஓர் உறை சுற்றி, உறையின்மேல் முத்திரை உருட்டி அனுப்புவார்கள். அப்படிப்பட்ட பலகைகள் 22,000-க்கும் மேல் கிடைத்திருக்கின்றன. லமாசி என்ற பெண் தன் கணவன் பூசுகேனுக்கு எழுதியவை அவற்றில் உண்டு. துணி சரியில்லை என்று அவன் குறைப்பட்டு எழுதியதற்கு அவள் கோபமாகப் பதில் சொல்கிறாள். துணி விற்ற காசு வரவில்லை என்று கேட்கிறாள். இன்று படித்தாலும் அந்தக் கோபம் சூடாகத்தான் இருக்கிறது.

அந்தக் கடிதங்கள் நமக்கு எப்படிக் கிடைத்தன? கி.மு. 1835-ஐ ஒட்டிய காலத்தில் அந்த வணிகர் குடியிருப்பு தீப்பற்றி எரிந்து இடிந்தது. வெயிலில் மட்டும் காய்ந்திருந்த பல பலகைகள் அந்தத் தீயில் வெந்து இறுகின. இந்த அவையில் அதை நான் விளக்க வேண்டியதில்லை. வீடுகளை அழித்த தீ, கடிதங்களைக் காப்பாற்றிக் கொடுத்தது. 2015-இல் யுனெஸ்கோ தன் உலக நினைவுப் பதிவேட்டில் அவற்றைச் சேர்த்தது.

நம் முன்னோர் எழுதியது ஓலையிலும் காகிதத்திலும். இவற்றை நெருப்பு காக்காது. தண்ணீரும் கரையானும் காக்காது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர்க் கரையைத் தாக்கியபோது ஓடும் கூரையும் பறந்த வீடுகளில் பெட்டியில் இருந்த காகிதம் என்னவாகியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நம்முடைய கடிதம் ஒன்று நூறு ஆண்டு நிலைத்திருக்கிறது என்றால், யாரோ ஒருவர் அதைக் கையில் எடுத்து, ‘இது இருக்கட்டும்’ என்று முடிவு செய்திருக்கிறார் என்று பொருள். நம் இலக்கிய வரலாறும் அரசியல் வரலாறும் எழுதியவர்களின் பெயரைச் சொல்கின்றன. காத்தவர்களின் பெயரை யாரும் சொல்வதில்லை. நான் இன்று பேச வந்தது காத்தவர்களைப் பற்றி.

இங்கிருந்து நெய்வேலி வழியாகப் போனால் வடலூர். வள்ளலார் சென்னை வாழ்வை விட்டு இந்தப் பக்கம் வந்து, கருங்குழியில் தங்கியிருந்த காலம். அவருடைய பாடல்களை அச்சிட வேண்டும் என்று சென்னையில் இருந்த இறுக்கம் இரத்தின முதலியார் தவியாய்த் தவித்தார். பாடல்கள் கைக்கு வரும்வரை நாளுக்கு ஒருவேளைதான் உண்பேன் என்று நோன்பே இருந்தார். அதை அறிந்து மனம் கலங்கிய வள்ளலார் 1860-ஆம் ஆண்டின் இறுதியில் எழுதிய கடிதம் இன்றும் படிக்கக் கிடைக்கிறது. இராமலிங்கசாமி என்று தம் பெயரை வழங்குவது ஆரவாரமாகத் தோன்றுகிறது, அப்படிப் போட வேண்டாம் என்று அதில் கேட்டுக்கொள்கிறார். திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகள் 1867-இல் அச்சேறின.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வள்ளலாரின் பாடல்களில் நாம் காண்பது அருளாளரை. கடிதங்களில் காண்பது, நண்பர் பட்டினி கிடப்பதைப் பொறுக்க முடியாமல், பாடல்களை அச்சுக்குத் தரத் தமக்கிருந்த தயக்கத்தை விட்டுவிடும் மனிதரை. உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார், வந்து சேர முடியாததற்குச் சமாதானம் சொல்கிறார், குடும்ப நலம் கேட்கிறார். பட்டம் பெயர் எதையும் விரும்பாதவர் என்று நாம் இன்று மேடையில் சொல்கிறோமே, அதற்கு அவர் கைப்படச் சான்று இருப்பது இந்தக் கடிதத்தில்தான். அந்தச் சான்று இருப்பதற்குக் காரணம் முதலியார் அதை எறியாமல் வைத்திருந்தது. பிறகு ஆ. பாலகிருஷ்ண பிள்ளை 1931-இலிருந்து 1958 வரை பாடுபட்டுத் திருவருட்பாவைப் பன்னிரண்டு புத்தகங்களாகப் பதிப்பித்தார். கடிதங்களுக்கும் அதில் தனியிடம் கொடுத்தார். பாடல் இருக்கக் கடிதம் எதற்கு என்று அவர் நினைத்திருந்தால், அவரைக் குறை சொல்ல அன்று யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

இந்த ஊர்ப் பெயரைத் தாங்கிய ஒருவர் எழுதிய கடிதங்களையும் சொல்லியாக வேண்டும். சொ. விருத்தாசலம், நாம் புதுமைப்பித்தன் என்று அறிந்தவர், 1906-இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். பிழைப்புக்காக அவர் சென்னையில் இருக்க, மனைவி கமலா நெடுநாள் திருவனந்தபுரத்தில் பிறந்த வீட்டில் இருக்க நேர்ந்தது. அந்த இடைவெளியில் அவர் எழுதியவை ‘கண்மணி கமலாவுக்கு’ என்ற தொகுப்பாக வந்திருக்கின்றன. கதைகளில் யாரையும் விட்டுவைக்காத அந்தப் பேனா, இங்கே கைச்செலவுக்குப் பணம் அனுப்ப முடியாததற்கு வருந்துகிறது. உடம்பு எப்படி என்று திரும்பத் திரும்பக் கேட்கிறது. கடைசியில் சினிமா வேலைக்காகப் புனே போனவர் காசநோயோடு திரும்பி 1948-இல் திருவனந்தபுரத்தில் இறந்தார். ஊர் ஊராக மாறி, கையில் குழந்தையோடும் கடனோடும் வாழ்ந்த கமலா அம்மா இந்தக் கடிதக் கட்டை மட்டும் விடவில்லை. அவரும் ஓர் எழுத்தாளர். கமலா விருத்தாசலம் என்ற பெயரில் கதைகள் எழுதியவர். ஆனால் அவர் கணவருக்கு எழுதிய பதில்கள் அந்தத் தொகுப்பில் இல்லை. மனைவி காத்தார், மனைவி எழுதியதைக் காக்க ஆளில்லை. நம் ஆவணக் காப்பகங்களில் பெண்களின் குரல் குறைவாக இருப்பதற்கு, அவர்கள் எழுதாததுதான் காரணம் என்று சொல்பவர்களுக்கு இதைத்தான் பதிலாகச் சொல்வேன்.

இனி ஆனந்தரங்கப் பிள்ளைக்கு வருகிறேன். தமிழில் நாட்குறிப்பு என்றால் அவரிடம் போகாமல் முடியாது. கொஞ்ச நேரம் அவரோடு இருப்போம்.

1709-இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்து, தகப்பனாரோடு புதுச்சேரிக்கு வந்து, வணிகராக வளர்ந்து, பிரெஞ்சுக் கும்பினியின் தலைமைத் துபாஷ் (மொழிபெயர்ப்பாளர்) ஆனவர். ஆனந்தப்புரவி என்ற பெயரில் சொந்தக் கப்பல் ஓட்டியவர். 1736 செப்டம்பர் 6-ஆம் தேதி தொடங்கி, 1761 ஜனவரியில் இறக்கும் வரை, கால் நூற்றாண்டு எழுதினார். இடையிடையே விடுபட்ட காலங்கள் உண்டு. அவர் இறந்த அதே மாதம் 16-ஆம் தேதி புதுச்சேரி ஆங்கிலேயர் வசமானது. தான் வாழ்ந்த ஊரின் ஏற்றத்தையும் சரிவையும் நாள்தோறும் எழுதியவர், முடிவை மட்டும் பார்க்கவில்லை.

அவர் எழுத்தில் என்னை ஈர்ப்பது பெரிய செய்திகள் மட்டுமில்லை. 1746-இல் சென்னைப் பட்டணத்தைப் பிரெஞ்சுக்காரர் பிடித்ததை எந்த வரலாற்று நூலும் சொல்லும். ஆனால் அந்தச் சேதி வந்த நாழிகை, கொண்டு வந்தவன் யார், கேட்டதும் துரை முகம் எப்படி இருந்தது, அதற்கு இவர் எப்படிப் பேசிச் சமாளித்தார், அன்று பீரங்கி எத்தனை முறை முழங்கியது, கடைத்தெருவில் என்ன பேச்சு என்பதெல்லாம் இவரிடம்தான் கிடைக்கும். கப்பலில் வந்த சரக்கு, பாக்குக் குத்தகை, வீட்டுக் கலியாணம், சோதிடர் சொன்ன பலன், யார் யாருக்குப் பகை எல்லாம் ஒரே மூச்சில் வரும். தமிழ் ஆண்டும் மாதமும் போட்டுத் தொடங்கி, பேசுகிற தமிழில், பாரசீகமும் தெலுங்கும் போர்த்துகீசியமும் பிரெஞ்சும் கலந்த துறைமுகத் தமிழில் எழுதுகிறார். அந்தக் காலத்துப் புலவர் உரைநடையிலிருந்து, வீதியில் பேசிய தமிழ் எப்படி இருந்தது என்று அறிய வழியே இல்லை. இவர் அதை நமக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

இன்னொன்றும் உண்டு. 1743-இல் ஏழைகளைக் கடத்தி அடிமைகளாகக் கப்பலில் ஏற்றியவர்கள் பிடிபட்டதை எழுதுகிறார். 1745-இல் மாதா கோயிலுக்குள் பறையர் கிறித்தவர்களைப் பிரித்து வைத்திருந்த சுவரைப் பற்றிய தகராறை எழுதுகிறார். 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் முற்றுகை நடந்துகொண்டிருந்தபோது, வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டதைப் பக்கம் பக்கமாக எழுதுகிறார். படிக்கும்போது நமக்கு நெஞ்சு பதறும். ஆனால் படிக்கிறவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவர் நடுநிலையாளர் இல்லை. துரையிடம் செல்வாக்கும் போட்டியாளரிடம் பகையும் உள்ள அதிகாரி. தன் சொல் எடுபட்ட இடத்தை விரித்தும், எடுபடாத இடத்தில் பிறரைக் காரணம் காட்டியும் எழுதுவார். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளெக்சின் மனைவி மேல் அவருக்கிருந்த வெறுப்பு வரிக்கு வரி தெரியும். சாதி பற்றிய அவர் பார்வை அவர் காலத்து மேல்தட்டின் பார்வை. நாட்குறிப்பை உண்மையின் பத்திரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அது ஒருவர் கண்ட உண்மை. அவர் நின்ற இடத்தையும் சேர்த்துப் படித்தால்தான் பயன்.

அப்படியிருந்தும் வரலாற்று நூல் தராத ஒன்றை நாட்குறிப்பு தருகிறது. எழுதுகிறவருக்கு நாளை என்ன நடக்கும் என்று தெரியாது. வரலாற்று ஆசிரியர் முடிவைத் தெரிந்துகொண்டு எழுதுகிறார். ஆகவே எல்லாம் அந்த முடிவை நோக்கியே போனதுபோல் தோன்றும். ரங்கப் பிள்ளைக்கு இங்கிலீஷ்காரன் நாட்டை ஆளப் போகிறான் என்று தெரியாது. கேட்ட வதந்தி பாதி பொய். எந்தப் பக்கம் சாய்வது என்று ஒவ்வொரு நாளும் குழப்பம். மனிதர்கள் உண்மையில் வாழ்வது அந்தக் குழப்பத்தில்தான்.

இந்த நாட்குறிப்பு பிழைத்த கதை, எழுதப்பட்ட கதைக்குக் குறைந்ததில்லை. பிள்ளை இறந்து எண்பது ஆண்டுகளுக்கு மேல் குடும்ப வீட்டில் கிடந்தது. 1846-இல் புதுச்சேரியில் பணியாற்றிய அர்மோன் கல்லுவா மோன்புரோன் என்ற பிரெஞ்சு அதிகாரி அதைக் கண்டு படியெடுக்க வைத்தார். எதுவார் ஆரியேல் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர், திருக்குறள் மேல் பற்று வைத்த தமிழறிஞர், தாமும் படியெடுத்தார். அவர் சேகரம் பாரீசுக்குப் போய், இன்று பிரான்சு தேசிய நூலகத்தில் இருக்கிறது. 1892-க்குப் பிறகு சென்னை அரசு மொழிபெயர்ப்பில் இறங்கியது. பிரைசும் ரங்காச்சாரியும் தொடங்கி, சென்னை ஆவணக் காப்பாளராக இருந்த டாட்வெல் முடித்த ஆங்கிலப் பதிப்பு, 1904-இலிருந்து 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வந்தது. தமிழில் எழுதிய நாட்குறிப்பு தமிழில் அச்சாகத் தொடங்கியது 1948-இல், புதுச்சேரியில். ஆங்கிலத்தில் முதல் தொகுதி வந்து 44 ஆண்டுகள் கழித்து! மு. ராஜேந்திரனும் அ. வெண்ணிலாவும் பதிப்பித்த பன்னிரண்டு தொகுதிகள் அகநி வெளியீடாக வந்தது 2019-இல். இதற்கிடையில் பிரபஞ்சன் இந்த நாட்குறிப்பை அடியாகக் கொண்டு ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ என்று நாவல்கள் எழுதினார். பின்னதற்கு 1995-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

ரங்கப் பிள்ளையை லண்டன் நாட்குறிப்பாளர் சாமுவேல் பெப்பீசோடு ஒப்பிடுவது வழக்கம். 1660-இலிருந்து 1669 வரை எழுதியவர் பெப்பீசு. எனக்கு அந்த ஒப்பீட்டில் உறைப்பது வேறொரு செய்தி. பெப்பீசு தன் மூவாயிரம் புத்தகங்களோடு நாட்குறிப்பையும் சேர்த்து, எந்தக் கல்லூரிக்குப் போக வேண்டும், எப்படி அடுக்க வேண்டும், ஒன்றுகூடக் கலையக் கூடாது என்று உயிலில் எழுதி வைத்தார். அவர் செய்துவைத்த அலமாரிகளோடு அது கேம்பிரிட்ஜ் மாடலின் கல்லூரியில் இன்றும் அப்படியே இருக்கிறது. நம்மவருக்கு அப்படி ஒப்படைக்க ஓர் இடம் இருந்ததா? பதினெட்டாம் நூற்றாண்டில் இல்லை. இன்று இருக்கிறது, ஆனாலும் நாம் ஒப்படைப்பதில்லை.

ரங்கப் பிள்ளை எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில் இந்த ஊரும் போரில் சிக்கியிருந்தது. 1751-இல் விருத்தகிரீசுவரர் கோயில் மதிலுக்குள் ஆங்கிலக் கும்பினிப் படை இருந்தது. திருச்சிராப்பள்ளிக்குப் போகும் படைக்குத் துணையாக, பிகாட் என்பவரோடு ராபர்ட் கிளைவ் இங்கே வந்தார். திரும்பிப் போகும் வழியில் பாளையக்காரரின் ஆட்கள் மறித்துச் சுட, கூட வந்த சிப்பாய்கள் பலர் செத்து விழ, குதிரையின் வேகத்தால் கிளைவ் உயிர் தப்பினார். ராபர்ட் ஓர்ம் எழுதிய வரலாற்றில் இது இருக்கிறது. அவர் திரட்டிய கையெழுத்துப் படிகள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அன்று மணிமுத்தாற்றங்கரையில் குடியிருந்தவர்கள் என்ன பார்த்தார்கள், கோயிலுக்குள் துப்பாக்கி நுழைந்தபோது பூசை என்னவாயிற்று, நெல்லை எங்கே ஒளித்தார்கள் என்று இந்த ஊர்க்காரர் ஒருவர் எழுதிய ஒரு வரியை நான் பார்த்ததில்லை. படை கொண்டு வந்தவனுடைய காகிதம் இருக்கிறது. படை புகுந்த ஊரின் காகிதம் இல்லை.

இதே நிலை வேறிடங்களிலும். 1712-இலிருந்து 1714 வரை தரங்கம்பாடி மிஷனரிகள் கேட்ட கேள்விகளுக்கு, தங்கள் சமயம், சடங்கு, மருத்துவம், வாழ்க்கை பற்றித் தமிழர்கள் கடிதமாகப் பதில் எழுதினார்கள். சீகன்பால்கும் கிருண்டலரும் அவற்றை மொழிபெயர்த்து ஜெர்மனியில் ஹாலே நகருக்கு அனுப்பினார்கள்; 99 கடிதங்கள் அங்கே அச்சாயின. தமிழ் மூலம் போய்விட்டது. முந்நூறு ஆண்டுக்கு முந்தைய தமிழனின் சொந்தக் குரலைக் கேட்க நாம் ஜெர்மன் மொழி படிக்க வேண்டியிருக்கிறது. முதல் உலகப் போரில் பிரான்சுக்குப் போன இந்தியச் சிப்பாய்கள் எழுதியவையும் அப்படித்தான். வீட்டுக்கு வந்த கடிதங்கள் பெரும்பாலும் மறைந்தன. அவற்றை வழியில் பிரித்துப் படித்த தணிக்கை அதிகாரி, சந்தேகப்பட்டு ஆங்கிலத்தில் எழுதி வைத்த பகுதிகள்தான் மிஞ்சின. கறுப்பு மிளகு, சிவப்பு மிளகு என்று இந்தியச் சிப்பாயையும் வெள்ளைச் சிப்பாயையும் மறைபொருளாக எழுதி அனுப்பியிருக்கிறார்கள். அதிகாரிக்கு அதுவும் புரிந்திருக்கிறது. பெற்ற தாய்க்கு எழுதியது, வேவு பார்த்தவன் கையால் நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

நம் வீடுகளில் காகிதம் ஏன் தங்குவதில்லை? படிப்பறிவு இல்லாததால் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. 1879-இல் காலணாவுக்கு அஞ்சலட்டை வந்த பிறகு, எழுதத் தெரியாதவர்களும் எழுதத் தெரிந்தவரிடம் சொல்லி எழுதினார்கள். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் போனவர்களின் வீடுகளுக்கு எவ்வளவு கடிதம் வந்திருக்கும்! வந்த கடிதத்தைக் கம்பியில் குத்தித் தொங்கவிடுவோம். கம்பி நிரம்பினால் போகிக்கு எரிப்போம். சாவுச் சேதி வந்த அட்டையை வாசலிலேயே கிழித்துப் போடுவோம். வீட்டுக்குள் வைக்கக் கூடாது. மஞ்சள் தடவிய கலியாணப் பத்திரிகை மட்டும் பெட்டியில் இருக்கும். அதனால் பழைய பெட்டியைத் திறந்து பார்த்தால், அந்தக் குடும்பத்தில் யாருமே சாகவில்லை என்று தோன்றும். பழைய ஓலைச் சுவடிகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டதைப் பற்றி உ.வே. சாமிநாதையர் எவ்வளவு நொந்து எழுதியிருக்கிறார்! சடங்கின் பெயரால் தொலைத்த ஓலைக்கு அவர் அழுதார். தொலைத்த அஞ்சலட்டைக்கு அழ ஆளில்லை.

ஐயரவர்கள் சுவடியை மட்டும் தேடவில்லை. தமக்கு வந்த கடிதங்களையும் ஒழுங்காகச் சேர்த்து வைத்தார். மடாதிபதிகள், பள்ளி ஆசிரியர்கள், நூல் கேட்டு எழுதியவர்கள், பாரீசிலிருந்து தமிழிலேயே எழுதிய ழூலியன் வென்சான், எல்லாரும் அதில் இருக்கிறார்கள். (இதே வென்சான்தான் 1894-இல் ரங்கப் பிள்ளை நாட்குறிப்பின் பகுதிகளைப் பிரெஞ்சில் வெளியிட்டவர்.) ஐயர் 1942-இல் மறைந்த மறு ஆண்டு அமைந்த உ.வே.சா. நூலகம் அவற்றைக் காத்தது. ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த கடிதக் கருவூலத்தின் முதல் தொகுதி 2018-இல் வந்தது. ஒரு பழைய நூலைப் பதிப்பிக்க எத்தனை பேர் ஏடு கொடுத்தார்கள், எத்தனை பேர் பணம் தருவதாகச் சொன்னார்கள், யார் பாடபேதம் கேட்டு எழுதினார்கள் என்று அதில் காணலாம். தமிழ் மறுமலர்ச்சி தனி ஒருவர் செய்தது என்ற எண்ணம் அதைப் படித்தால் மாறும். பெரிய மனிதரைச் சுற்றி நின்ற சிறிய மனிதர்கள் எல்லாரும் கடிதத்தில்தான் பெயரோடு இருக்கிறார்கள்.

இனி உங்கள் ஊருக்கு வருகிறேன்.

நெய்வேலிச் சுரங்கத்து மண்ணும், இங்கே அமைந்த செராமிக் தொழிற்பேட்டையும், செராமிக் தொழில்நுட்பப் படிப்பும் சேர்ந்து இரண்டு மூன்று தலைமுறைகளை வளர்த்திருக்கின்றன. இங்கே வார்த்த அகல்விளக்கும் பொம்மையும் போகாத ஊர் இல்லை. இந்தத் தொழிலின் வரலாற்றை எழுத வருகிறவர் நாளைக்கு எங்கே போவார்? அரசு ஆணைகள் எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கிடைக்கும். எத்தனை ஏக்கர், எவ்வளவு மானியம் என்று அவை சொல்லும். சூளையின் முன் நின்றவரின் வாழ்க்கையை அவை சொல்லாது. எந்த மண்ணோடு எதை எவ்வளவு கலந்தால் வெடிக்காது என்று எழுதி வைத்த நோட்டு, ஒரு சூளை முழுவதும் கெட்டுப்போன நாளில் முதலாளி கணக்கில் போட்ட குறிப்பு, வெளியூர் வியாபாரி பாக்கிக்காக எழுதிய அட்டை, அச்சுப் பிடிக்கும் வேலைக்கு வந்த பெண்ணின் கூலிச் சீட்டு, பயிற்சிக்கு வந்து விடுதியில் தங்கிய பையன் அம்மாவுக்குப் போட்ட இன்லேண்டு லெட்டர். இவைதான் அதைச் சொல்லும். இவை பெரியவர்கள் எழுதியவை இல்லையே என்று யாரும் கூச வேண்டாம். லமாசி அரசியில்லை. துணி நெய்து பிழைத்த பெண்.

புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தினர், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிந்துவரும் ஆவணங்கள் திட்டத்தின் உதவியோடு, தமிழ்நாட்டுக் கிராமத்து வீடுகளில் இருந்த வேளாண் பத்திரங்களையும் ஊர்ப் பஞ்சாயத்து எழுத்துகளையும் தேடிப் படமெடுத்திருக்கிறார்கள். மூலத்தை வீட்டாரிடமே விட்டுவிட்டு, படத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும் முறை அது. காகிதத்தைக் கொடுக்க மனம் வராதவர்களுக்கு இது நல்ல வழி.

தயக்கம் ஒன்று எல்லாருக்கும் இருக்கும். இது எங்கள் வீட்டு விஷயம், ஊருக்கு எதற்கு? நியாயமான கேள்வி. புருஷன் பெண்டாட்டி சண்டையும் கடனும் நோயும் கடிதத்தில் இருக்கும். எழுதியவர் நம்மைக் கேட்டு எழுதவில்லை; அவர் இன்று இல்லை. சட்டப்படி காகிதம் அதைப் பெற்றவருக்குச் சொந்தம். அதில் உள்ள எழுத்தின் உரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுக்கும். வெளியிட அவர்கள் சம்மதம் வேண்டும். ஆனால் காப்பது வேறு, வெளியிடுவது வேறு. காப்பகத்தில் கொடுக்கும்போதே, இன்ன ஆண்டுவரை யாருக்கும் காட்டக் கூடாது என்று நிபந்தனை எழுதிக் கொடுக்கலாம். உயிரோடு இருப்பவர் யாருக்காவது அவமானம் வரும் என்றால் அந்தக் கட்டை மூடியே வைக்கச் சொல்லுங்கள். எரிக்க வேண்டாம். எரித்துவிட்டால் பேரன் மனம் மாறிக் கேட்கும்போது கொடுக்க ஒன்றுமிருக்காது.

இந்த ஊர்க் கல்லூரி ஆசிரியர்களிடம் ஒரு கோரிக்கை. ஓர் அறையும், பூட்டுப் போடும் இரும்பு அலமாரி ஒன்றும், வந்ததைப் பதிவு செய்ய ஒரு பேரேடும் இருந்தால் விருத்தாசலத்துக்கு ஒரு காப்பகம் தொடங்கிவிடும். தமிழும் வரலாறும் படிக்கும் மாணவர்கள், ஆளுக்கொரு வீட்டுக் கட்டைப் படமெடுத்து, யார் யாருக்கு எப்போது எழுதியது என்று அட்டவணை போடட்டும். செராமிக் படிக்கும் மாணவர்கள் சூளை நோட்டுகளைத் தேடட்டும்; அதில் உள்ள கலவைக் கணக்கு அவர்களுக்குத்தான் புரியும்.

வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்வது இவ்வளவுதான். பழைய கடிதத்துக்கு லேமினேஷன் போடாதீர்கள்; பிறகு பிரிக்க முடியாது, காகிதம் உள்ளேயே பழுக்கும். கிழிந்த இடத்தில் செல்லோ டேப் ஒட்டாதீர்கள், அதன் பசை எழுத்தைத் தின்னும். குண்டூசியும் ஸ்டேப்ளர் கம்பியும் துருப்பிடித்து ஓட்டை போடும், மெல்ல எடுத்துவிடுங்கள். உறையை எறியாதீர்கள், தேதியும் ஊரும் அஞ்சல் முத்திரையில் இருக்கும். பாலித்தீன் பையில் கட்டி வைத்தால் ஈரம் வெளியேறாது. துவைத்து உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி, தரையில் படாமல் உயரத்தில் வையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் நிழலில் விரித்துக் காற்றாட விட்டு எடுத்து வையுங்கள்.

பெட்டியில் உள்ள கடிதத்தை எழுதியது யார், அவர் உங்களுக்கு என்ன உறவு என்று சொல்லக்கூடிய பெரியவர் இன்று வீட்டில் இருக்கிறார். இந்த வாரமே அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டு, கடிதத்தின் மேல் எழுதாமல், தனித்தாளில் பென்சிலால் பெயரும் உறவும் ஊரும் எழுதி, அந்தக் கட்டோடு சேர்த்து வையுங்கள்.